போலாம், ரைட்!

1830ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி உத்தியோகம் பார்த்துவந்த ஏனுகுல வீராசாமி என்பவர், பல்லக்கும் போயிகளும் சமையற்காரரும் சாமான் சுமப்பவருமாக ஒரு பெரும் பரிவாரத்தைச் சேர்த்துக்கொண்டு காசி யாத்திரைக்குப் புறப்பட்டார். போய்த் திரும்பி வீடு வந்து சேர அவருக்கு ஏறத்தாழ 15 மாதங்கள் ஆயின. அந்த யாத்திரையை அவர் தெலுங்கில் எழுதிவைத்த நூல் இன்றும் கிடைக்கிறது. வெள்ளைக்கார நீதிபதிகளின் பேச்சை இந்நாட்டவருக்கும், இந்நாட்டவரின் பேச்சை அந்த நீதிபதிகளுக்கும் பெயர்த்துச் சொல்வதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்த அந்த மனிதர், நாள் முழுதும் ஆங்கிலத்திலேயே புழங்கியவர் என்றாலும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போவதற்கு ஆங்கிலத்தின் ஒத்தாசையை நாடியிருக்க நியாயமில்லை. ஏனெனில் அன்றைக்குப் பாதையும் பல்லக்கும் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் இந்த நாட்டவருடையவையாக இருந்தன, அவற்றின் பெயர்களும் அவ்வாறே இருந்தன.

அதுமட்டுமன்று, அந்தக் காலத்தில் கடன் வாங்கியவன் ஆங்கிலேயன். கப்பலை விட்டு இறங்கிய கம்பெனிக் குமாஸ்தா, அலையடிக்கும் சென்னைக் கரையில் முதன்முதலாகக் கண்ட கட்டுமரத்தைக் ‘கட்டமரான்’ என்று தன் பாஷையில் சேர்த்துக்கொண்டான். மாடு பூட்டிய வண்டியை ‘பாண்டி’ என்றான். வழிப்போக்கர் தங்கும் சாவடியைச் ‘சௌல்ட்ரி’ ஆக்கினான். இன்றைய மவுண்ட் ரோட்டுப் பிரதேசம் முழுவதையுமே ஒரு காலத்தில் ‘சௌல்ட்ரி பிளெயின்’ என்று தன் படங்களில் குறித்துவைத்தான். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல் துரையும் யூல் என்பவரும் சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதியைப் புரட்டினால், இப்படிப் பிரயாணத்தின் பொருட்டு நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படுகின்றன. வாகனம் யாருடையதோ அவருடைய பாஷையிலேயே ஏறுகிறவனும் பேசியாக வேண்டும் என்பது இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம். அந்த அகராதி அச்சேறிய சமயத்தில் வாகனமோ கைமாறி 30 வருஷங்கள் ஆகியிருந்தன.

1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து ஆர்க்காடு என்று அன்று பெயரிடப்பட்டிருந்த இன்றைய வாலாஜா ரோடு வரை, சுமார் 63 மைல் தூரத்துக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் பொதுஜனங்களுக்காக ஓடத் தொடங்கியது. அந்த வண்டியின் எஞ்சினும் கட்டைவிரல் அளவு ஆணியும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது போலவே, அதில் ஏறி இறங்குவதற்கு வேண்டிய சொற்களும் ஒரு மூட்டையாக அங்கிருந்தே வந்து இறங்கின. ஸ்டேஷன், டிக்கெட், கார்டு, பிளாட்பாரம், சிக்னல், பாசஞ்சர், மெயில் ஆகியவற்றுக்கு ஈடாகப் பண்டிதர்கள் புகைரதம், நீராவி வண்டி, இருப்புப்பாதை என்றெல்லாம் பெயர் சூட்டிப் பார்த்தார்கள். அவற்றில் சில பாடப் புஸ்தகங்களில் வாழ்ந்தன. ஜனங்களோ தங்கள் கண்ணால் கண்டதற்கு மட்டும் தங்கள் பெயரை வைத்தார்கள். தூக்கிய கையைத் தாழ்த்தி வழிவிடும் கம்பத்தைக் ‘கைகாட்டி’ என்று அவர்கள் அழைத்த அழகுக்கு எந்தப் பண்டிதரின் ஆக்கமும் ஈடாகாது. மற்றவற்றை டேசன் என்றும் டிக்கட்டு என்றும் தம் நாக்குக்கு இசையத் திருத்திக்கொண்டு திருப்தியடைந்தார்கள்.

அந்த டிக்கெட்டுக்கே ஒரு சரித்திரம் உண்டு. லங்காஸ்டரைச் சேர்ந்த தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் மரச்சாமான் தொழிலில் திவாலாகி, நியூகாசில் கார்லைல் ரயில்வேயில் ஒரு சின்ன ஸ்டேஷனின் மாஸ்டராக அமர்ந்தவர். வருகிற ஒவ்வொருவருக்கும் சீட்டைக் கையால் எழுதிக்கொடுத்து அலுத்துப்போய், 1830களின் பிற்பகுதியில், தொடர் எண் அச்சிட்ட தடித்த அட்டையையும், அதன் மேல் தேதியைக் குத்தும் சிறு யந்திரத்தையும் உண்டாக்கினார். இரண்டேகால் அங்குல நீளமுள்ள அந்த அட்டைதான் உலகத்தின் பெரும்பகுதிக்குப் போய், நம் ஊர் ஸ்டேஷன்களிலும், சிறு துவாரத்தின் வழியாக நீளும் கைகளில் கம்ப்யூட்டர் வரும்வரை விழுந்துகொண்டிருந்தது. டிக்கெட் என்ற சொல் எவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டதென்றால், ஆயுள் முடிந்த கிழவரைப் பற்றி ‘டிக்கெட் வாங்கிட்டார்’ என்று சொல்லும் அளவுக்கு அது தமிழாயிற்று. டிக்கெட் வாங்காமல் ஏறினவனுக்கு ‘வித்தவுட்’ என்று, எந்த ஆங்கிலேயனுக்கும் அர்த்தமாகாத ஒரு பட்டமும் கிடைத்தது. பிளாட்பாரம் இன்னும் சாமர்த்தியசாலி. அது ஸ்டேஷனை விட்டு வெளியே நடந்து வந்து, தெருவோரத்து நடைபாதைக்குப் பெயராகி, பிளாட்பாரக் கடை, பிளாட்பாரவாசி என்று ஒரு தனிக் குடும்பத்தையே ஸ்தாபித்துக்கொண்டுவிட்டது.

திசைகளும் மாறின. இங்கிலாந்தில், ரயில் வருவதற்கு முன்பிருந்தே, லண்டனை நோக்கிப் போவது மேலே போவதாகவும், லண்டனை விட்டு விலகுவது கீழே போவதாகவும் பேச்சு. மலைநாடான ஸ்காட்லாந்திலிருந்து புறப்படுகிறவனும் லண்டனுக்கு மேலேதான் போகிறான். ராஜதானி எங்கிருக்கிறதோ அதுவே உச்சி என்கிற இந்தப் பூகோளம், ரயில்வேயின் மூலம் ‘அப்’ வண்டி, ‘டவுன்’ வண்டி என்று நம்மிடம் வந்தது. நமக்கும் மேல், கீழ் உண்டு. ஆனால் மலையிருக்கும் பக்கத்தை மேற்கு என்றும், தண்ணீர் ஓடிச் சேரும் கடற்பக்கத்தைக் கிழக்கு என்றும் வைத்துக்கொண்ட நம் முன்னோரின் மேலும் கீழும் நிலத்தைப் பார்த்து அமைந்தவை. ரயில்வேக்காரனுடையவை பெரும்பாலும் தலைமை ஆபீஸைப் பார்த்து அமைந்தவை.

ஊர்களின் பெயர்களிலும் இந்த மாதிரி ஒட்டுவேலை நடந்தது. ஓர் ஊருக்கு ரயில் நேரே போக முடியாதபோது, அந்த ஊருக்குப் போகும் பாதை எங்கே பிரிகிறதோ அங்கே ஒரு ஸ்டேஷனைக் கட்டி, ஊர்ப் பெயரோடு ‘ரோடு’ என்பதைச் சேர்த்துவிடுவது இங்கிலாந்து ரயில்வேக்களின் வழக்கம். இப்படித்தான் அம்மையநாயக்கனூரில் இறங்குகிறவன் ‘கொடைக்கானல் ரோடு’ என்ற பலகையைப் பார்த்து, மலை வந்துவிட்டதாக மகிழ்ந்து, அதற்கு இன்னும் சுமார் 50 மைல் இருப்பதைப் பிறகு தெரிந்துகொள்கிறான். ‘ஜங்ஷன்’ என்பதோ திருநெல்வேலியில் ஓர் ஊர்ப் பகுதியாகவே ஆகிவிட்டது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியது டவுன், ரயில் நிலையத்தைச் சுற்றியது ஜங்ஷன் என்று அவ்வூரார் வெகு சகஜமாகச் சொல்லுவார்கள். 1979ஆம் ஆண்டில்தான் ரயில் எட்டிப்பார்த்த நாகர்கோவில் பக்கத்திலோ, தண்டவாளத்தின் வாசனைகூட இல்லாமல், நாலு தெருக்கள் கூடும் இடமெல்லாம் ஜங்ஷன்.

சொற்களைக் காட்டிலும் ரயில் கொண்டுவந்த பெரிய மாறுதல் காலத்தைப் பற்றியது. நம்மவர் பிரயாணத்துக்கு நாள் பார்த்தார்கள். திங்களும் சனியும் கிழக்கே சூலம், ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம் என்று திசை பார்த்தார்கள். புறப்படுகிறவரை ‘எங்கே’ என்று கேட்பது அபசகுனமாகையால் ‘தூரமா?’ என்று மட்டும் விசாரித்தார்கள். புறப்படுகிறவரும் ‘போகிறேன்’ என்னாமல் ‘போய் வருகிறேன்’ என்றார். தூரத்தையே நாழிகை வழி என்று காலத்தால் அளந்த ஜனங்களுக்கு, 24 நிமிஷம் கொண்ட ஒரு நாழிகைக்குக் குறைந்த எதுவும் பிரயாணத்தில் பொருட்டாக இருந்ததில்லை. ராயபுரத்து வண்டியோ வெள்ளிக்கிழமையிலும் மேற்கு நோக்கியே போயிற்று. அதுவும் நிமிஷக் கணக்கில் போயிற்று. சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் கணக்கான ‘மெட்ராஸ் டைம்’, இந்தியாவுக்கென்று ஒரு நேரம் ஏற்படும்வரை, இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாக விளங்கிற்று என்பது சென்னைவாசிகள் பெருமைப்பட்டுக்கொள்ளத்தக்க செய்தி. அதன் பின் ‘வண்டி ரைட் டைம்’, ‘அரைமணி லேட்டு’, ‘லைன் கிளியர் ஆகவில்லை’, ‘அவுட்டரில் நிற்கிறது’ என்பவை, ஸ்டேஷன் மாஸ்டரின் அறையிலிருந்து பெஞ்சில் காத்திருக்கும் பாட்டியின் வாய்வரை பரவின. லைன் கிளியர் என்பது வெறும் வார்த்தையாக இருக்கவில்லை. ஒற்றைப் பாதையில் எதிரே வேறு வண்டி இல்லையென்பதற்கு அத்தாட்சியாக, பிரம்பு வளையத்தோடு சேர்த்த தோற்பையில் ஓர் உலோக உருண்டையை வைத்து நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்தபடியே அதை லாகவமாகக் கையில் மாட்டிக்கொண்டு போகும் காட்சியைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். அதே பிள்ளைகள் பெரியவர்களானபின், கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் சம்மதித்த சேதியையும் ‘லைன் கிளியர்’ என்றே அறிவித்தார்கள்.

உத்தியோகஸ்தர்களின் பேச்சு இன்னொரு துறை. கம்பெனி நாட்களில் ஸ்டேஷன் என்பதற்கு ரயிலோடு சம்பந்தமே கிடையாது; துரைமார் வாசம் செய்யும் ஊர் எதுவோ அதுவே ஸ்டேஷன். 1822இல் சல்லிவன் துரை உதகமண்டலத்தில் கல் வீடு கட்டத் தொடங்கிய பிறகு வளர்ந்த ஊருக்கு ஹில் ஸ்டேஷன் என்ற பெயர் வந்ததும் இதனால்தான். அந்த ஊரை விட்டுத் துரை வெளியே போயிருந்தால் அவர் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’. துரைமார் கப்பலேறிப் பல வருஷங்கள் சென்ற பின்னும், கடன் கேட்டு வருகிறவனிடம் நம் ஊர்ப் பெரிய மனிதர் வீட்டு வேலைக்காரன் ‘ஐயா அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றே சொல்கிறான்; ‘ஐயா ஊரில் இல்லை’ என்பதை வந்தவன் நம்பமாட்டான் போலும். கலெக்டர் ஜமாபந்திக்காகக் கூடாரமடித்துக்கொண்டு தாலுகா தாலுகாவாகச் சுற்றியதன் மிச்சமாக, சர்க்கிள் இன்ஸ்பெக்டர் முதல் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரை எல்லோரும் கூடாரமின்றியே ‘கேம்ப்’ போனார்கள். இப்போது கோப்புகளில் கேம்ப்பை அகற்றி ‘முகாம்’ என்று எழுதுகிறார்கள். முகாம் அரபு தேசத்திலிருந்து வந்த சொல் என்பதை நினைவூட்டினால் அதிகாரிகள் வருத்தப்படக்கூடும்.

கேம்ப் என்ற சொல் ஏழைகளுக்கு வேறு விதமாக அறிமுகமாயிற்று. ராமேசுவரம் போகும் பாதையில் ‘மண்டபம் கேம்ப்’ என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிஜனங்களை, காலராவும் அம்மையும் கொண்டுபோகாதிருக்க, தடுத்துவைத்துச் சோதித்து அனுப்புவதற்காக ஏற்பட்ட இடம் அது. 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிவரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமருமாக ‘போட் மெயில்’ ஓடியபோது, முதல் வகுப்புத் துரைக்கு அது ஓர் இரவும் ஒரு சிறு கடலும். கங்காணியின் பின்னால் போகிறவனுக்கோ அது பல நாள் காவல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவன் கழுத்தில் ‘டின் டிக்கெட்’ வந்துவிட்டது. தோட்டத்தின் எண்ணும் அவனுடைய எண்ணும் குத்தப்பட்ட தகரத் துண்டு அது. அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும், தோட்டத்தின் கணக்கிலிருந்து அவன் தலையில் எழுதப்படும். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போவதற்கு, அவனுடைய கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். இந்தத் தமிழ்ச் சொல்லை ஆங்கிலேயர் அப்படியே தங்கள் சட்ட வழக்கில் வைத்துக்கொண்டார்கள். 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. வண்டி, சாவடி, கட்டுமரம் என்று நாம் முன்னம் கடன் கொடுத்த வரிசையில், மனிதனைக் கட்டிப்போடும் துண்டும் கங்காணியும் கடைசியாகச் சேர்ந்தன.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் ரயிலுக்குக் ‘கோச்சி’ என்று பெயர். கோச்சு வண்டியின் ஞாபகம் அது. அரசாங்கப் பலகைகளில் புகையிரதம் என்று எழுதியிருப்பார்கள். நம் பண்டிதர்கள் இங்கே செய்துபார்த்துக் கைவிட்டது அங்கே பலகையில் நிலைத்தது, வாயில் கோச்சி நிலைத்தது.

இனி மோட்டாருக்கு வருவோம். உள்ளபடியே இந்தச் சரித்திரத்தில் ரஸமான அத்தியாயம் இதுதான். ரயில் கொடுத்தவையெல்லாம் பெயர்ச் சொற்கள். ஏறு, இறங்கு, போ, நில் என்னும் வினைகள் நம்முடையவையாகவே இருந்தன. 1895 மே மாதத்திலிருந்து 1953 வரை சென்னைத் தெருக்களில் ஓடிய மின்சார டிராமும், டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஆரம்பித்தது முதல் மாவட்டந்தோறும் பெருகிய பஸ்களும் கண்டக்டர் என்றொரு புதிய ஜாதி மனிதனை உண்டாக்கின. அவனுக்கோ கட்டளையிட வேண்டியிருந்தது. எஞ்சின் இரைச்சலில், முப்பது தலைகளுக்கு அப்பால் இருக்கிற டிரைவரின் காதில் விழவேண்டும். ஒரே மூச்சில் சொல்லி முடிய வேண்டும். இங்கிலாந்தில் ரயில் கார்டு கொடியசைத்து வண்டியை விடுவதற்கு ‘ரைட் அவே’ என்று பெயர். லண்டன் பஸ் கண்டக்டர் ‘ஹோல்ட் டைட்’ என்று கூவிவிட்டு மணிக்கயிற்றை இழுப்பான், ஒரு மணி என்றால் நிற்க, இரண்டு மணி என்றால் போக. நம் கண்டக்டரிடம் மணிக்கயிற்றின் ஸ்தானத்தில் விசில் வந்தது, கணக்கு மாறவில்லை: ஒன்று நிற்க, இரண்டு போக. விசில் இல்லாத சமயத்தில் பஸ்ஸின் தகரப் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. வாய்ச்சொல்லுக்கு ‘ரைட்’, அதற்கு எதிராக ‘ஹோல்டான்’.

ஹோல்டான் என்பது, ஆங்கிலத்தில் பிடித்துக்கொள் என்றும் சற்றுப் பொறு என்றும் இரண்டு பொருள் படுவது. நம்மிடம் வந்தபோது முன்னதை உதறிவிட்டு, ‘இந்த க்ஷணமே நிறுத்து’ என்ற ஒரே அர்த்தத்தோடு நின்றுவிட்டது. நெல் மூட்டை ஏற்றிய லாரியைச் சந்துக்குள் பின்னோக்கி விடும்போது, ‘வா, வா, லெஃப்டுல ஒடி, இன்னும் வா’ என்று தமிழில் கொஞ்சிக்கொண்டே வருகிற கிளீனர், சுவர் நெருங்கியதும் ‘ஹோல்டான்!’ என்று ஆங்கிலத்தில் அதட்டுவதைக் கவனித்தவர்களுக்கு, எந்த வேலைக்கு எந்தப் பாஷை என்பதில் நம் ஜனங்களுக்கு இருக்கும் நுட்பம் விளங்கும். ‘போலாம், ரைட்!’ என்பதில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. பிரயாணிகளுக்கு ‘போகலாம்’, டிரைவருக்கு ‘ரைட்’. திண்ணையில் கயிற்றைக் கட்டிப் பஸ் ஓட்டிய குழந்தைகள் ஆங்கிலத்தில் முதலில் கற்ற சொற்கள் இவையாகத்தான் இருக்கும்.

மதுரைப் பக்கத்தில் டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பிவைத்தார்கள் என்று பழைய மனிதர்கள் சொல்வது அந்நாளைய பிரசித்தம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் முடைப்பட்டு, முதுகில் அடுப்பைச் சுமந்து ஓடிய கரி பஸ்ஸைப் பார்த்து எவரும் கடிகாரத்தைத் தொட்டதாகத் தெரியவில்லை. அக்காலம் முதல் ரூட், டிரிப், ஸ்டேஜ், ஃபுட்போர்டு, ஸ்பேர் பஸ் என்று பெருகிய தொழிற்சொற்களுள் எனக்கு மிகவும் பிடித்தது ‘நைட் ஹால்ட்’. கடைசி ஊருக்கு ராத்திரி வந்து, அங்கேயே படுத்திருந்து, விடியற்காலையில் புறப்படுகிற பஸ் அது. டிரைவரும் கண்டக்டரும் அந்த ஊரின் ராத்திரி விருந்தாளிகள். சந்தைக்குப் போகும் கத்தரிக்காய்க் கூடையும் பிரசவ வலி கண்ட பெண்ணும் அந்த ஒரு வண்டியையே நம்பியிருந்த கிராமங்கள் அநேகம். அந்தக் கிராமத்தாரிடம் அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்டால், ‘நைட் ஹால்ட்’ தமிழில்லையா என்று திருப்பிக் கேட்பார்கள்.

1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1972 முதல் பஸ் போக்குவரத்து, பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று பழைய ராஜவம்சங்களின் பெயரால் அரசாங்கக் கழகங்களாயிற்று. பேருந்து, ஓட்டுநர், நடத்துநர், பயணச்சீட்டு ஆகியவை பஸ்ஸின் உட்புறமெங்கும் எழுதப்பட்டன. அவற்றில் பேருந்து உண்மையிலேயே நல்ல ஆக்கம், எழுத்தில் அது வேரூன்றியும் விட்டது. ஆனால் சேரன் வண்டியானாலும் சோழன் வண்டியானாலும் புறப்படுகிறபோது ரைட் சொல்லியே புறப்பட்டன. 2002இல் கோயம்பேட்டில் திறந்த பிரம்மாண்டமான நிலையத்தை ‘மொபசல்’ பஸ் நிலையம் என்றார்கள். ஜில்லாவின் உட்பகுதியைக் குறிக்கக் கம்பெனிக்காரன் ஹிந்துஸ்தானியிலிருந்து எடுத்த அந்த அரபுச் சொல்லை நம்மவர் ஆங்கிலம் என்று எண்ணி ஏற்றுக்கொண்டார்கள்.

மேலே சொன்ன சொற்கள் யாவும் ஒவ்வொரு வாகனத்தோடு வந்தவை. வண்டிக்குள்ள கூலியென்று அவற்றைக் கொடுத்துத் தீர்க்க வேண்டியதுதான், அதில் எனக்குக் குறையில்லை. சமீப காலத்தில் வந்திருக்கிறவற்றுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. கைப்பேசி வந்தபின், புறப்பட்டேன் என்பது ‘ஸ்டார்ட் பண்ணிட்டேன்’ ஆயிற்று, வந்து சேர்ந்தேன் என்பது ‘ரீச் ஆயிட்டேன்’ ஆயிற்று, தாம்பரம் தாண்டுகிறேன் என்பது ‘தாம்பரம் கிராஸ் பண்ணிட்டிருக்கேன்’ ஆயிற்று. ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று தாய் மகனுக்கு இட்ட கட்டளை, விருந்தாளியின் பெட்டியைத் தூக்குவதும் வண்டி நகரும்வரை ஜன்னலோரம் நிற்பதும் உள்ளிட்டது. ‘டிராப் பண்ணிடு’ என்பதில் பையன் வாசலிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறான். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: ‘ஆன் தி வே’ என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. வந்துகொண்டிருக்கிறேன் என்று தமிழில் சொல்கிறவன் வழியில் ஏதோ ஓரிடத்திலாவது இருந்தாக வேண்டும். ‘ஆன் தி வே’ என்கிறவனோ அநேகமாகக் குளியலறை வாசலில் துண்டோடு நிற்கிறான்.